யூரியாவுக்குள்ளேயே கார்பன் இருக்கிறது

"பசுமை ஹைட்ரஜன் வந்துவிட்டால் குறுவைக்குப் போடும் யூரியாவில் கார்பன் உமிழ்வே இருக்காது" என்று மேலே நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை, மீதிப் பாதியில்தான் வில்லங்கம்.

யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். காற்றாலை, சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்தால் அது வெகுவாகக் குறையும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு வரையறைப்படி இந்த உமிழ்வு ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவைத் தாண்டினால் அது பசுமை ஹைட்ரஜனே அல்ல. இதுவரை நண்பர் சொல்வது சரி.

ஆனால் யூரியா மூலக்கூறிலேயே ஒரு கார்பன் அணு உட்கார்ந்திருக்கிறது. அம்மோனியாவோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துத்தான் ஆலையில் அதைச் செய்கிறார்கள். நாம் மேலுரமாக வீசும் 45 கிலோ மூட்டை வயலில் கரைந்து சிதைந்தால் 33 கிலோ வரை அந்த வாயு திரும்ப வெளியே வரும். சாண எரிவாயு போன்றவற்றிலிருந்து பிடித்த வாயுவாக இருந்தால் கணக்கு வேறு. நிலக்கரிப் புகையில் பிடித்ததென்றால் உமிழ்வு தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். போதாததற்கு யூரியாவின் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. நூறாண்டுக் கணக்கில் அது, எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு சூடேற்றும். இதை எந்த ஹைட்ரஜனும் தடுக்காது.

திருவாரூர்ப் பக்கம் இலை வண்ண அட்டையைப் பயிரின் இலையோடு ஒப்பிட்டு, பச்சை வெளிறினால் மட்டும் யூரியா வீசலாம். வீசும் யூரியா குறைந்தால் இந்த உமிழ்வும் குறையும். அதற்கு ஆலை எதுவும் கட்ட வேண்டியதில்லை.