அட்ரஸ் எழுதுற பிள்ளை

மார்கழி பிறந்து பத்து நாள் ஆனால் போதும். சாயங்காலம் தேயிலை பறிப்பு முடிந்து வந்தவர்கள் எங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். கையில் பொங்கல் வாழ்த்து அட்டை. "பாப்பா, இதுல அட்ரஸ் எழுதிக் குடு." கொழுந்துக் கறை விரலெல்லாம் கறுப்பாக ஏறியிருக்கும். அட்டையில் பட்டுவிடக் கூடாது என்று ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்திருப்பார்கள். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம், டேன்டீ என்கிற அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. என் எழுத்து உருண்டையாக இருக்கும் என்பதால் லைன் முழுவதற்கும் நான்தான் அட்ரஸ் எழுதுற பிள்ளை.

போன வாரம் கூடலூரில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் இந்தப் பேச்சு வந்தது. வாழ்த்து அட்டையே வெள்ளைக்காரன் வியாபாரம், யாரோ எழுதின நாலு வரியைக் காசு கொடுத்து வாங்கி அனுப்புவதில் என்ன பாசம் இருக்கிறது என்று ஒரு தம்பி கேட்டார். நன்றாகப் படித்த பிள்ளை, வெறுப்பில் கேட்கவில்லை. இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அது மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் தொடங்கியது என்பது உண்மைதான். 1840ல் இங்கிலாந்தில், எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம், ஒரு பென்னி, என்று தபாலை மாற்றினார்கள். ரோலண்ட் ஹில் கொண்டுவந்த அந்தத் திட்டத்துக்குக் கூடவே நின்று உழைத்தவர் ஹென்றி கோல். தபால் மலிவானதும் ஊரே கடிதம் எழுத ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத அவருக்கு நேரம் போதவில்லை. 1843ல் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி, அதை அச்சடித்து அனுப்பினார். நடுவில் ஒரு குடும்பம் விருந்து சாப்பிடுகிறது. இரண்டு பக்கமும் ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுக்கிற படம். குழந்தை வாயிலும் ஒயின் கோப்பை இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் கோபப்பட்டார்கள். விற்பனைக்கும் வந்தது, ஒரு அட்டை ஒரு ஷில்லிங். அன்றைக்குக் கூலி வேலை செய்தவர்கள் நினைத்தும் பார்க்க முடியாத விலை.

அந்த அட்டையில் யாருக்கு, யாரிடமிருந்து என்று எழுத இடம் விட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் படத்தைவிட அந்த வெற்றிடம்தான் முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1870ல் அங்கே அரைப் பென்னிக்கு அட்டை அனுப்பலாம் என்று ஆன பிறகு சாதாரண வீட்டுக்காரர்களும் அனுப்பத் தொடங்கினார்கள். நம் நாட்டில் 1879 ஜூலையில் கால் அணாவுக்குத் தபால் அட்டை வந்தது. தபால் மலிவானால் அட்டை பெருகும், எல்லா நாட்டிலும் இதே கதைதான். எங்கள் காலத்தில் அந்த வேலையைச் செய்தது புக் போஸ்ட். உறையின் மடிப்பை ஒட்டக் கூடாது, உள்ளே செருக வேண்டும், மேலே புக் போஸ்ட் என்று எழுத வேண்டும். கடிதத்தைவிடக் குறைந்த ஸ்டாம்பு போதும். தெரியாமல் யாராவது சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், நீராவி காட்டி உறையைப் பிரிக்கிற வேலையும் எனக்குத்தான்.

கூடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜனவரி முதல் வாரத்தில் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பொங்கல் பானை, கரும்பு, ஏர் பூட்டிய காளை, முருகன், எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல். பாதிக்கு மேல் சிவகாசி அச்சு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்துப் பழகிய ஊர், காலண்டருக்கும் டைரிக்கும் போய், வாழ்த்து அட்டைக்கும் வந்தது. அந்தச் சிவப்பும் மஞ்சளும் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஒரு வருஷம் எதிர்வீட்டு அத்தை என்னைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அட்டையை ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டுவார், நான் வாசிக்க வேண்டும். "களஞ்சியம் நிறைய நெல் குவியட்டும்" என்று ஒன்றை வாசித்தேன். "அவனுக்கு ஏது வயலு? வேற எடு." உழவர் பெருமை பேசும் அட்டை ஒன்று. "அது நம்மளுக்கு இல்ல." அடுத்தது கரும்பு, அடுத்தது காளை. கடைக்காரர் முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார், அத்தை அசையவில்லை. கடைசியில் சின்னதாக ஒரு அட்டை, ஓரம் மழுங்கியது. உள்ளே இரண்டே வரி, பால் பொங்குவதுபோல் இந்த வீட்டிலும் நல்லது பொங்கட்டும் என்று. அத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தரமும். "இதுதான் எந்தம்பிகிட்ட நான் பேசுற மாதிரி இருக்கு" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து 50 காசு கொடுத்தார். அந்தத் தம்பி இருந்தது இலங்கையில், தலவாக்கலையில். அக்காவும் தம்பியும் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

யாரோ எழுதின வரி என்று சொன்ன கல்யாண வீட்டுத் தம்பிக்கு என் பதில் இந்த அத்தைதான். துக்கம் வந்தால் நாம் ஒப்பாரியைப் புதிதாகக் கட்டுவதில்லை, வழிவழியாக வந்ததை எடுத்துப் பாடுகிறோம். தாலாட்டும் அப்படித்தான், கோயிலில் பாடுகிற தேவாரமும் அப்படித்தான். அதில் பாசமில்லை, பக்தியில்லை என்று யாரும் சொல்வதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி பதினைந்து அட்டையைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்தாளே, அவள் எழுதிய கடிதம் அது.

எங்கள் கதை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1964ல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கை மலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். மனிதரைப் பிரித்த கணக்கு அது. ஒரே வீட்டில் ஒருவருக்கு இந்தியப் பாஸ்போர்ட், இன்னொருவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, பிறகு இந்த மலைக்கு வந்தவர்கள் என் அம்மாச்சி வீட்டார். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசாங்கம் நீலகிரியில் 1968ல் தேயிலை போட ஆரம்பித்தது, 1976ல் அது டேன்டீ ஆனது. அம்மாச்சியின் அக்கா மட்டும் பதுளையில் நின்றுவிட்டார். பெரியம்மாச்சி என்றுதான் சொல்வோம், நான் நேரில் பார்த்ததே இல்லை.

1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை டவுனும் எரிந்தது. ரேடியோவில் கேட்டதோடு சரி. ஆகஸ்டு, செப்டம்பர், தீபாவளி வரைக்கும் கடிதம் இல்லை. அம்மாச்சி எழுதியதற்கும் பதில் இல்லை. தோட்ட ஆபீஸுக்குத் தபால் பை வருகிற நேரத்தில் அவர் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஏதாவது சாக்கில் அந்தப் பக்கம் போவார், மேஸ்திரியும் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவார்.

பொங்கல் முடிந்து நாலைந்து நாள் கழித்து ஒரு உறை வந்தது. உள்ளே வாழ்த்து அட்டை, பானையைச் சுற்றி மூன்று குழந்தைகள். அச்சடித்த நாலு வரிக்குக் கீழே பெரியம்மாச்சியின் பெயர், பேரன் எழுத்தில். வேறு ஒரு சொல் இல்லை. நான் அந்த நாலு வரியையும் உரக்க வாசித்தேன். அம்மாச்சி அதைக் கேட்கவே இல்லை. உறையைத் திருப்பி, "அட்ரஸ் வாசி" என்றார். வாசித்தேன். அது பதுளை இல்லை, கேள்விப்படாத ஒரு தோட்டம், யாரோ ஒருவர் மேற்பார்த்து (c/o) என்று போட்டிருந்தது. வீடு போய்விட்டது, ஆள் இருக்கிறார், இன்னார் வீட்டில் இருக்கிறார் என்பதை அந்த ஐந்து வரி சொல்லிவிட்டது. அம்மாச்சி உறையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ராத்திரி பழைய விலாசத்தை அடித்துவிட்டுப் புது விலாசத்தை நோட்டில் எழுதியது நான்தான்.

அந்த வெற்றிடம் என்று சொன்னேனே, இதற்குத்தான். அட்டையில் படமும் வரியும் கடையில் கிடைக்கும். விலாசம் கடையில் கிடைக்காது.

எங்கள் மலையும் அட்டையில் ஏறியதுதான். நூறு வருஷத்துக்கு முன்னால் ஊட்டியில் இருந்த வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்துக்கு அனுப்பிய படத் தபால் அட்டைகளை இன்றும் பழம்பொருள் சேர்ப்பவர்கள் வைத்திருக்கிறார்கள். ஏரி, மலை ரயில், செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச், குன்னூர்ப் பாதை. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களை அவர்கள் மந்துக்கு, அதாவது குடியிருப்புக்கு, முன்னால் நிறுத்திவைத்துப் பிடித்த படங்களும் நிறைய உண்டு. கீழே தோடர்கள் என்று மட்டும் அச்சாகியிருக்கும், யாருடைய பெயரும் இருக்காது. பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அப்படி ஒரு படத்தில் நிற்கிற பாட்டிக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், அவர் வீட்டார் கூப்பிட்ட பெயர். லண்டனில் அட்டை வாங்கினவருக்கு அது தேவைப்படவில்லை.

ஊட்டி என்றதும் இன்னொன்றும் நினைவு வருகிறது. இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலை ஓடிய காலத்தில், கூடலூர் ஸ்டுடியோவில் குடும்பமாகப் படம் எடுத்து, அதை மடித்த அட்டையில் ஒட்டி அக்கரைக்கு அனுப்பினோம். அம்மாச்சி தோடு போட்டுக்கொண்டது தெரிய வேண்டும் என்று தலையைக் கொஞ்சம் திருப்பி நின்றார். அக்கா கவலைப்படக் கூடாது என்பதற்காக அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய தோடு.

இப்போது பதுளைக்காரர்களோடு வீடியோவில் பேசுகிறேன். பெரியம்மாச்சி பேத்திக்குக் குழந்தை பிறந்ததை ஆஸ்பத்திரியிலிருந்தே காட்டினார்கள். அம்மாச்சிக்கு இந்த வசதி கிடைக்கவில்லையே என்று நினைத்து அழுதிருக்கிறேன். போனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று கவனித்தேன். போன் நம்பர் இருந்தால் ஆள் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்கவே தோன்றுவதில்லை. வருஷக்கணக்கில் தினமும் காலை வணக்கம் அனுப்புகிறவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னுடையது தெரியாது.

அம்மாச்சி நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. தேவாலா, பந்தலூர்ப் பக்கத்து மழை தெரியும் உங்களுக்கு, ஆடியில் அலமாரிக்குள் துணியே பூத்துவிடும். மூன்று பக்கம் பூஞ்சணம் தின்றுவிட்டது. மீதியில் நாலு பேர் கையெழுத்து: மாமா, நான், என் தங்கை, இப்போது என் மகள். ஒரே ஆளுக்கு ஐந்து விலாசம், நாலு அடித்தது, ஒன்று அடிக்காதது. தலவாக்கலை அடித்து, வத்தளை. மண்டபம் அடித்து, கோத்தகிரி. கோத்தகிரி அடித்து, திருப்பூர்.

கூடலூரில் இப்போது கயிறு கட்டுவதில்லை. போன பொங்கலுக்குக் கேட்டபோது ஒரு கடையில் மட்டும் உள்ளேயிருந்து பழைய கட்டு ஒன்றை எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தார்கள். இந்த வருஷம் நானும் மகளும் சார்ட் அட்டை வெட்டி, நாங்களே எடுத்த படத்தை ஒட்டுகிறோம். காப்பிச் செடிக்கு நடுவில் வைத்த பொங்கல் பானை. நெல் என்று எங்கும் எழுதவில்லை. மொத்தம் 31 உறை. 30ல் விலாசம் எழுதியாகிவிட்டது. பெரியம்மாச்சி பேரன் ஆவணியில் வீடு மாறினாராம். இன்று ராத்திரி போன் போட்டுக் கதவு எண்ணைக் கேட்க வேண்டும்.