சுமேரியர்களுக்கு வானத்திலிருந்து யாரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், முழுசாகப் பார்த்துவிட்டேன். இன்றைய தெற்கு ஈராக்கில் சுமார் ஐயாயிரம் ஆண்டுக்கு முன்பு இருந்த சுமேர் நாகரிகத்தை வேற்றுக்கிரகவாசிகள் உருவாக்கினார்கள் என்று சொல்லும் வீடியோ அது. "எழுத்து, நகரம், கோயில், கணக்கு எல்லாம் சுமேரில் திடீரென்று ஒரே சமயத்தில் எப்படி வந்தன? மனிதனால் முடிகிற காரியமா?" என்று கேட்டுவிட்டு, சுமேரியத் தெய்வங்களான அனுன்னாகிகளை வானத்திலிருந்து இறக்கிவிடுகிறார் அதைப் போட்டவர். கீழே படித்தவர்கள்கூட "சிலிர்த்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

திடீரென்று எதுவும் வரவில்லை. படிப்படியாக வந்தது. ஒவ்வொரு படியும் மண்ணுக்கடியில் அப்படியே கிடக்கிறது, தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

எரிது என்ற பழைய நகரை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு ஈராக்கில் இன்று அபு ஷஹ்ரைன் என்று சொல்லப்படும் மேடு. 1946 முதல் 1949 வரை ஈராக்கியத் தொல்லியலாளர் ஃபுவாத் சஃபரும் சீட்டன் லாய்டும் அங்கே தோண்டினார்கள். ஒரு கோயிலுக்குக் கீழே இன்னொரு கோயில், அதற்கும் கீழே இன்னொன்று என்று அடிமணல் வரை 18 அடுக்குகள். அடிப்பகுதியில் இருந்த கோயில், சுமார் 3 மீட்டர் சதுரத்தில் ஒரே ஓர் அறை. சுடாத செங்கல் சுவர், ஒரு மாடம், ஒரு பலிமேடை, அவ்வளவுதான். மேலே வரவர அறை பெரிதாகிறது, பக்க அறைகள் சேர்கின்றன, அடியில் மேடை வருகிறது, மேடை உயர்கிறது. அந்தச் சின்ன அறைக்கும் மலைபோல நிற்கும் படிக்கோபுரக் கோயிலான ஜிகுராட்டுக்கும் நடுவே மூவாயிரம் ஆண்டு வேலை இருக்கிறது. அதை "திடீரென்று" என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

வாய்க்காலும் அப்படித்தான். கிழக்கு ஈராக்கின் சோகா மாமியில் கிடைத்த வாய்க்கால் தடங்கள் கி.மு. ஆறாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை, சுமேரின் பெருநகரமான உருக் பெருகுவதற்கு வெகுகாலம் முன்பு. நைல் நதி விவசாயிக்கு ஒத்துழைத்தது. வெள்ளம் கோடையில் வந்து விதைப்புக்கு முன்பு வடிந்துவிடும். யூப்ரடீஸ் நேர்மாறு. வடக்கே மலைப்பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில், பார்லி கதிர் முற்றி நிற்கும்போது பெருகும். விதைக்கிற பருவத்திலோ ஆற்றில் தண்ணீர் குறைவு. போதாததற்கு, ஆறு தன் வண்டலாலேயே கரையை உயர்த்திக்கொண்டு வயலைவிட மேட்டில் ஓடும். கரையை வெட்டினால் தண்ணீர் தானாக இறங்கும், ஆனால் வெட்டிய இடம் உடைந்தால் பயிர் மொத்தமும் போச்சு. வண்டல் வாய்க்காலை அடைக்கும், விடாமல் தூர்வார வேண்டும். தண்ணீர் ஆவியாகி உப்பு பூக்கும், அதனால் நிலத்தை ஓராண்டு தரிசாகப் போட்டார்கள். கோதுமையைவிட உப்பைத் தாங்கும் பார்லியை நம்பினார்கள். இதையெல்லாம் ஒரே நாளில் யாரும் கற்பிக்க முடியாது. விளைச்சல் போய், பசித்துக் கிடந்து கற்றது.

எழுத்துக்கு வருகிறேன், அவர் அதிகம் அளந்துவிட்ட இடம் அதுதான்.

கி.மு. 8000 வாக்கிலிருந்தே மேற்கு ஆசியாவில் சின்னச் சின்னக் களிமண் வில்லைகள் கிடைக்கின்றன. கூம்பு, உருண்டை, தட்டு வடிவங்கள். இவை கணக்குக் காய்கள் என்பதே பெரும்பாலோர் கருத்து. கி.மு. நான்காம் ஆயிரமாண்டில் ஒரு களிமண் உருண்டையைக் குடைந்து, காய்களை உள்ளே போட்டு மூடி, மேலே உருளை முத்திரையை உருட்டிப் பதித்தார்கள். இதில் ஒரு தொல்லை: உள்ளே எத்தனை இருக்கிறது என்று பார்க்க உருண்டையை உடைத்தாக வேண்டும். உடைத்தால் முத்திரை போச்சு. அதனால் உள்ளே இருப்பதற்கு ஏற்ப வெளியே குறிகளைப் பதித்தார்கள். வெளியே குறி இருக்கும்போது உள்ளே காய் எதற்கு? உருண்டை போய்த் தட்டையான களிமண் பலகை வந்தது. அப்புறம் எண்ணுக்குப் பக்கத்தில் ஆடா, பார்லியா என்று காட்டும் படக்குறி. இந்தப் படிகளின் காய்களும் உடைந்த உருண்டைகளும் பலகைகளும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

உருக் நகரின் ஏயன்னா கோயில் வளாகத்தில் கிடைத்த ஆரம்பகாலப் பலகைகளில் மிகப் பெரும்பகுதி கணக்கு. பார்லி, ஆடு, துணி, பியர், கூலி. மீதி, எழுத்துப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல்கள். ஒரு பலகையில் 29,086 அளவு பார்லி, 37 மாதம் என்று இருக்கிறது, குஷிம் என்று படிக்கப்படும் குறியோடு. அது ஆளின் பெயரா பதவியா என்று இன்னும் பேசுகிறார்கள். ஆளின் பெயர்தான் என்றால், நமக்குக் கிடைத்த மிகப் பழைய பெயர்களில் ஒன்று அரசனுடையது இல்லை, ஒரு கணக்குப்பிள்ளையுடையது.

இன்னொன்றைக் கவனியுங்கள். அந்தப் பலகைகளில் எண்முறை ஒன்றல்ல, பல. ஒரே சின்ன வட்டக்குறி, ஆடுகளை எண்ணும்போது 10. பார்லி அளக்கும்போது அதே வட்டம், தனக்குக் கீழுள்ள குறியைப்போல 6 மடங்கு. நிலம் அளக்கும்போது ஒன்றுக்கான குறியைப்போல 18 மடங்கு. ஒவ்வொரு தொழிலும் தன் பழக்கத்தை அப்படியே பலகைக்குக் கொண்டுவந்திருக்கிறது. பல நூற்றாண்டு இழுபறிக்குப் பிறகுதான் 60ஐ அடிப்படையாகக் கொண்ட இடமதிப்பு முறை படிந்தது. கிரேக்க வானியலாளர்கள் வழியாக அது நம் கடிகாரத்தின் 60 நிமிடமாகவும் வட்டத்தின் 360 பாகையாகவும் இன்றும் இருக்கிறது. எல்லாம் தெரிந்த ஒருவன் மேலிருந்து கற்றுக்கொடுத்திருந்தால் ஒரே குறிக்கு மூன்று மதிப்பு வைத்துக் குழப்பியிருக்க மாட்டான். அந்தக் குழப்பம்தான் மனிதக் கைரேகை.

"சுமேரியர்களே தெய்வம் தந்தது என்றுதானே சொல்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். 'என்மெர்கரும் அரட்டாவின் தலைவனும்' என்ற அவர்களுடைய கதையையே பாருங்கள். செய்தி நீளமாகிவிட்டது, தூதுவனால் திருப்பிச் சொல்ல முடியவில்லை, அதனால் உருக்கின் அரசன் களிமண்ணைத் தட்டி அதில் சொற்களைப் பதித்தான் என்கிறது கதை. தேவைக்காக மனிதன் செய்தது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

"சிற்பத்தில் அனுன்னாகிகள் கைப்பையோடு நிற்கிறார்களே?" அது வடக்கு ஈராக்கின் நிம்ருத் அரண்மனைச் சிற்பம். அசீரிய அரசன் இரண்டாம் அஷூர்நசிர்பால் காலம், கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு. உருக் பலகைகளுக்கு ஏறக்குறைய 2,400 ஆண்டு பிந்தையது. கையில் இருப்பது தூய்மைச் சடங்குக்கான வாளி, மறு கையில் கூம்பு. அந்தச் சிற்பத்தையும் சுமேரையும் ஒரே காலத்துச் சங்கதி போல ஒட்டிக் காட்டுவது ஏமாற்று வேலை, வேறு சொல் இல்லை.

"ஆராய்ச்சியாளர்கள் சரியாகத்தான் படிக்கிறார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?" இது நியாயமான கேள்வி, 1857இலேயே கேட்டுவிட்டார்கள். புதிதாகக் கிடைத்த ஓர் அசீரியக் களிமண் ஆவணத்தை ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஒப்பெர்ட் என்ற நால்வர் தனித்தனியாக மொழிபெயர்த்து உறையிட்டு அனுப்பினார்கள். லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி பிரித்துப் பார்த்தபோது சாரம் ஒத்துப்போனது. அந்த அசீரிய மொழி வழியாகவும் இருமொழிச் சொற்பட்டியல்கள் வழியாகவும்தான் பிறகு சுமேரியம் பிடிபட்டது.

"பொழுதுபோக்குக்குப் போட்ட வீடியோ, உனக்கு என்ன வந்தது?" இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. அந்தப் பலகை செய்த கையை நினைத்துப் பாருங்கள். மண்ணைக் கரைத்துக் கல் நீக்கி, பிசைந்து, உள்ளங்கையில் வைத்துத் தட்டியிருக்கிறான். முதலில் கூரான குச்சியால் கீறினார்கள். ஈரமண்ணில் வளைகோடு இழுத்தால் மண் பிதுங்கி ஓரம் எழும்பும், எழுத்து கெடும். அதனால் கீறுவதை விட்டு நாணலின் முனையை அழுத்தினார்கள், ஆப்பு வடிவக் குறிகளாலான ஆப்பெழுத்து (கியூனிஃபார்ம்) பிறந்தது. மண் காய்வதற்குள் எழுதி முடிக்க வேண்டும். பின்பக்கம் எழுதத் திருப்பினால் முன்பக்கம் நசுங்காமல் பார்க்க வேண்டும். நிப்பூர் நகரில் பள்ளிப் பிள்ளைகளின் பலகைகள் கிடைத்திருக்கின்றன, ஆசிரியர் எழுதிக்காட்டிய வரியும் பிள்ளை பார்த்து எழுதிய கோணல் வரியுமாக. தப்பான கணக்குகளும் அதில் உண்டு. 'ஊர்' என்ற பெயருள்ள சுமேரிய நகரில் கிடைத்த ஒரு செங்கல்லில், காயப்போட்டிருந்தபோது மிதித்துப் போன நாயின் கால்தடம் இருக்கிறது. இத்தனை மனிதர்களையும் துடைத்துவிட்டு அந்த இடத்தில் விண்கலத்தை வைப்பதா பொழுதுபோக்கு?

ஏதென்ஸின் பார்த்தனான் கோயிலைக் கிரேக்கர்கள் கட்டினார்கள் என்பதில் இந்த வீடியோக்காரர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. ஈராக், எகிப்து, பெரு என்றால் மட்டும் "இவர்களால் எப்படி முடிந்தது?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. 2003 ஏப்ரலில் பாக்தாத் அருங்காட்சியகத்திலிருந்து சுமார் 15,000 பொருட்கள் கொள்ளை போயின. உருக்கில் கிடைத்த வர்கா ஜாடியும் போனது. ஜூனில் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. ஒரு மீட்டர் உயரக் கல்ஜாடி அது. அடியில் தண்ணீர், அதன்மேல் பயிர், அதன்மேல் ஆடுகள், அதன்மேல் கூடை சுமக்கும் ஆட்கள், உச்சியில்தான் தேவியின் வாசல். தங்கள் நகரம் எதன்மேல் நிற்கிறது என்று உருக்கின் மக்களே செதுக்கிய வரிசை. 2015இல் நிம்ருத் அரண்மனையை ஐ.எஸ். அமைப்பினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இத்தனையும் இழந்த மக்களிடம் போய், "இதை உங்கள் மூதாதையர் செய்யவில்லை" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கீழே "ஆதாரம் காட்டு" என்று எழுதப்போகிறவர்களுக்கு: கியூனிஃபார்ம் டிஜிட்டல் லைப்ரரி இனிஷியேட்டிவ் என்ற இணையதளத்தில் லட்சக்கணக்கான பலகைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன, இலவசம். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு, பலவற்றுக்குப் படமும் உண்டு. அனுன்னாகிகள் எழுத்தோ விவசாயமோ கற்றுக்கொடுக்க விண்கலத்தில் வந்ததாகச் சொல்லும் பலகையின் எண்ணை இங்கே போடுங்கள், அதை வைத்துப் பேசுவோம்.