எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், அப்புறம்?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் விளம்பரத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ரிப்போர்ட் நார்மல் என்று வந்த பிறகும் சிலருக்கு உடம்பு படுத்துகிறதே, அவர்களுக்கு என்ன பேக்கேஜ் இருக்கிறது?

தெரிந்த அக்கா ஒருவருக்கு நெஞ்சு படபடப்பு, விரலெல்லாம் மதமதப்பு. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எதிலும் குறையில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் "ஒண்ணும் இல்லம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவர் நடிக்கிறார் என்று பேச்சு.

கடைசியில் தெருமுனை டாக்டர்தான் உட்கார வைத்து, "படபடப்பு வந்தா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் மாரடைப்பில் போன கதை அப்போதுதான் வெளியே வந்தது. பயத்தில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும். மூச்சு வேகமாக வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் மதமதக்கும் என்று விளக்கியிருக்கிறார். அக்காவுக்கு இருந்தது நிஜமான மதமதப்பு என்று அவர்தான் முதலில் ஒத்துக்கொண்டார். எடை குறைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொல்லி, அடுத்த மாதத்துக்கு நாளும் குறித்துக் கொடுத்தார்.

இது வெறும் கைராசி இல்லை. இங்கிலாந்தில் தாமஸ் என்ற குடும்ப மருத்துவர் 1987இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சின்னச் சின்ன உபாதைகளோடு வந்து, இன்ன நோய் என்று பிடிபடாத 200 பேர். தெளிவாக, தைரியமாகப் பேசி அனுப்பியவர்களில் 64% பேர் இரண்டு வாரத்தில் தேறினார்கள். "என்னவென்று உறுதியாகத் தெரியவில்லை" என்று அவர் சொல்லி அனுப்பியவர்களில் 39% பேர்தான். மாத்திரை கொடுத்ததும் கொடுக்காததும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கொடுத்த மாத்திரை எது தெரியுமா? வெறும் வைட்டமின் பி1. நம்மூர் சத்து மாத்திரை பிரியர்கள் கவனிக்க.

நாள்பட்ட தொல்லைக்கு ஒரு தடவை தைரியம் சொன்னால் போதாது. இங்கிலாந்திலேயே 354 பேரை வைத்து நடந்து 2024இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற குடும்ப மருத்துவர்கள் நாலு சந்திப்பு வரை உட்கார்ந்து பேசினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் உபாதைகள் ஓரளவு குறைந்திருந்தன. அதிசயமெல்லாம் இல்லை. ஆனாலும் ஐந்தாவது ஸ்கேனை விட மேல்.

இங்கே சிக்கல் நேரம்தான். இந்தியாவில் ஒரு நோயாளிக்குச் சராசரியாகக் கிடைப்பது ஏறக்குறைய 2 நிமிடம் என்று 2017இல் ஒரு பன்னாட்டுத் தொகுப்பாய்வு சொன்னது. டாக்டர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் மறுபேச்சில்லாமல் கட்டுகிற நாம்தான், அரைமணி நேரம் பேசிய டாக்டர் கூடுதலாக நூறு ரூபாய் கேட்டால், "ஊசி கூடப் போடல, இதுக்கா இவ்வளவு?" என்கிறோம்.