அந்தப் பட்டாம்பூச்சிகளை ஒட்டியது நான்தான்

மழலையர் வகுப்பில் நான் டீச்சராகச் சேர்ந்த முதல் வருடம். பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாளுக்காகச் சுவர் முழுக்கப் பட்டாம்பூச்சிகள் ஒட்டியிருந்தோம். 22 குழந்தைகள், 22 பட்டாம்பூச்சிகள். ஒரு அப்பா மகனைத் தூக்கிக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போய், "இதுல உன்னோடது எதுடா?" என்று கேட்டார். அவன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தான். அப்புறம் திரும்பி என்னைக் கைகாட்டி, "எல்லாம் மிஸ்ஸோடது" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பையன் சொன்னதில் பொய் ஏதுமில்லை. முந்தின நாள் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து வெட்டியது நான். மடித்தது நான். மீசை மாதிரி இரண்டு கம்பிகளை ஒட்டியது நான். குழந்தைகள் செய்ததெல்லாம், நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மூன்று வண்ணப் புள்ளிகள் வைத்ததுதான். ஒருத்தி நாலாவது புள்ளி வைக்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

பல வருடமாக மனதில் கிடப்பதைக் கொட்டிவிடுகிறேன். "செய்து கற்றல்", "ஆக்டிவிட்டி" என்ற பெயரில் மழலையர் வகுப்புகளில் நடப்பதில் பாதி, பெரியவர்களின் கைவேலை. குழந்தையின் கை அதில் வாடகைக்கு வந்து போகிறது. எது உண்மையான ஆக்டிவிட்டி என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: இதைக் குழந்தை தப்பாகச் செய்ய வழி இருக்கிறதா? செய்த தப்பு அதன் கண்ணுக்கே தெரியுமா? இரண்டுக்கும் பதில் "இல்லை" என்றால் அது சுவருக்காகச் செய்தது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு, மூக்கு வைத்த சின்ன ஜாடி, இரண்டு டம்ளர், ஒரு துண்டு ஸ்பாஞ்ச். இவ்வளவுதான். முதல் நாள் பாதித் தண்ணீர் தட்டில் கொட்டும். அதைப் பார்த்து "ஐயோ" என்று சொல்லாமல் இருப்பது டீச்சரின் பயிற்சி. இரண்டாம் நாள் ஜாடியைச் சாய்க்கும் வேகம் குறையும். மூன்றாம் நாள் இன்னொரு கை, யாரும் சொல்லாமலே, டம்ளரைப் பிடித்துக்கொள்ளும். சிந்தியதை ஸ்பாஞ்சால் ஒற்றி, பிழிந்து, மறுபடி ஊற்றுவார்கள். அந்தப் பிழிதலில் விரல்களுக்குக் கிடைக்கும் வேலை கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் வகுப்பில் நாலு வயதுப் பையன் ஒருவன் இருபத்தைந்து நிமிடம் இதையே செய்தான். அவனால் ஐந்து நிமிடம்கூட ஒரு இடத்தில் உட்கார முடியாது என்று அதற்கு முந்தின வாரம்தான் அவன் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். எழுதியது நானேதான். அந்த வரியை அடித்துவிட்டேன்.

அதே தண்ணீர் இன்னொன்றையும் காட்டித்தரும். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜே செய்த சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர். ஒன்றை எடுத்து ஒல்லியான உயர டம்ளரில் ஊற்றிவிட்டு "எதில் அதிகம்?" என்று கேட்டால், ஆறேழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டுவார்கள். கண் முன்னால்தான் ஊற்றினோம், ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை, இருந்தாலும் அதுதான் பதில். திரும்பவும் பழைய டம்ளரில் ஊற்றிக் காட்டினால் "இப்போ சமம்" என்பார்கள். உயரமானதில் ஊற்றினால் மறுபடி "இதுலதான் நிறைய". புதிதாக வந்த ஒரு டீச்சர் இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, புரிய வச்சிடலாமா?" என்றார். என்ன புரிய வைப்பது? நாம் சொன்னால் நம் முகத்தைப் பார்த்து "சமம்" என்று சொல்லக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஊற்றட்டும். ஒரு வருடம், இரண்டு வருடம் ஊற்றட்டும்.

தப்பைப் பொருளே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதை என்னைவிட நூறு வருடத்துக்கு முன்னால் யோசித்தவர் மரியா மாண்டிசோரி. மருத்துவர். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைப் பகுதியில், வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகத் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவர் வகுப்பில் இருந்த பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது உருளைக் கட்டை. நீளமான மரக்கட்டையில் 10 குழிகள், அவற்றுக்குப் பொருந்தும் 10 உருளைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னக் குமிழ். சின்ன உருளையைப் பெரிய குழியில் போட்டுவிட்டால் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. கடைசியில் கையில் ஒரு உருளை மிஞ்சும், எந்தக் குழியிலும் இறங்காது. டீச்சர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. தப்பு எங்கே என்று குழந்தை தானே பின்னால் தேடிக்கொண்டு போகும். அந்தக் குமிழைப் பிடிக்க மூன்று விரல்கள் வேண்டும். பின்னால் பென்சில் பிடிக்கப் போவதும் அதே மூன்று விரல்கள்.

அந்த உருளைகளை வைத்து மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி எடுப்பதும் போடுவதுமாக இருந்ததை மாண்டிசோரியே எழுதியிருக்கிறார். மற்ற பிள்ளைகளைச் சுற்றி வந்து பாடச் சொன்னாராம். அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தாராம். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அங்கேயும் அதையே தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானாக நிறுத்தினாள். மணி அடித்தால் அடுத்த ஆக்டிவிட்டி, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு மாற்றம் என்று கால அட்டவணை போடும்போதெல்லாம் அவள்தான் ஞாபகத்துக்கு வருகிறாள். எங்கள் அட்டவணையில் அவளுக்கு நாலாவது தடவைக்கே இடம் இருந்திருக்காது.

அதற்காக நான் மாண்டிசோரி பக்தை இல்லை. அந்தப் பொருள்களை இப்படித்தான் எடுக்க வேண்டும், இப்படித்தான் வைக்க வேண்டும் என்ற கண்டிப்பு சில வகுப்புகளில் பூசை மாதிரி ஆகிவிடுகிறது. இது புதிதும் இல்லை. கிண்டர்கார்டன் என்ற பெயரையே 1840இல் கொடுத்த ஜெர்மானியர் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல், பந்து, உருளை, கனசதுரம் என்று விளையாட்டுப் பொருள்களைச் செய்து அவற்றை 'பரிசுகள்' என்று அழைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு, அதே பரிசுகளை வைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில், சொன்ன வரிசையில் அடுக்க வேண்டும் என்று டிரில் நடத்தியவர்களும் இருந்தார்கள். பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் அதை ஒர்க் ஷீட்டாக மாற்றிவிடும் திறமை உண்டு.

என் மனம் ப்ளாக்ஸ் பக்கம்தான். பிளாஸ்டிக்கில் ஒன்றோடொன்று மாட்டுவதைச் சொல்லவில்லை. வெறும் மரக்கட்டைகள், ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்ற விகிதத்தில் அறுத்தவை. நியூயார்க்கில் 1914இல் பள்ளி தொடங்கிய கரோலின் பிராட் வடிவமைத்தது. இரண்டு அரைக் கட்டைகள் சேர்ந்தால் ஒரு கட்டை, இரண்டு கட்டைகள் சேர்ந்தால் ஒரு நீளக் கட்டை. ரோடு போட்டுக்கொண்டு வரும்போது நீளக் கட்டை தீர்ந்துவிடும். அங்கேதான் விஷயம். பக்கத்துப் பையனிடம் பிடுங்குவதா, அவனிடம் கேட்பதா, இல்லை குட்டைக் கட்டைகளை இரண்டிரண்டாக வைத்துச் சமாளிப்பதா? மூன்றாவது வழியைக் கண்டுபிடித்த குழந்தை பின்னத்தைத் தொட்டுவிட்டது. அந்த வார்த்தை தெரிய இன்னும் நாலைந்து வருடம் ஆகும், பரவாயில்லை.

இங்கேயும் என் பாவக்கணக்கு ஒன்று உண்டு. ஒரு சிறுமி கோபுரம் கட்டிக்கொண்டிருந்தாள், அகலமான கட்டை மேலே, ஒல்லியானது கீழே. சரியப் போகிறதே என்ற பதைப்பில் கையை நீட்டி மாற்றி வைத்தேன். கோபுரம் விழவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க அந்த மூலைக்குத் திரும்பவே இல்லை.

கையால் தொட்டுச் செய்தாலே கற்றல் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 'அ' எழுத்தின் மேல் பசை தடவிப் பஞ்சு ஒட்டும் ஆக்டிவிட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு குழந்தைக்குத் தெரிந்திருப்பது பசை விரலில் ஒட்டும், பஞ்சு மூக்கில் ஒட்டும் என்பதுதான். அதே 'அ'வை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, எழுதும் திசையில் விரலால் தடவச் சொன்னால் விரல் அந்த வளைவை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. எண்ணப் பழக்குவதற்காக அழகழகான விலங்கு பொம்மைகளை ஒரு தடவை வைத்தேன். யாரும் எண்ணவில்லை. அம்மா யானை, குட்டி யானை என்று குடும்பம் நடத்தினார்கள். அது நல்ல விளையாட்டு, எண்ணுதல் இல்லை. அடுத்த நாள் வெறும் கூழாங்கல் வைத்தேன், எண்ணினார்கள்.

பெற்றோர் எப்போதும் கேட்கும் கேள்வி: "எப்ப எழுத ஆரம்பிப்பான்?" மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவை எல்லாம் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகிக்கொண்டு வந்து, கடைசி எலும்பு தொடங்கவே ஒன்பது வயதுக்கு மேல் ஆகலாம். விரல் தசையும் கண்ணும் கையும் சேர்ந்து பழகுவதும் இதே மாதிரி மெதுவாகத்தான். களிமண் பிசைவது, துணிக் கிளிப்பை அழுத்தித் திறப்பது, கத்தரிக்கோலால் கோடில்லாமல் வெறுமனே கத்தரிப்பது எல்லாம் எழுத்துக்கு முந்தின எழுத்து. மூன்றரை வயதில் நாலு கோடு நோட்டைக் கொடுத்தால் முழுக் கையால் பென்சிலைக் குத்திப் பிடித்து ஏதோ எழுதிவிடுவான். அந்தப் பிடியை மாற்றப் பிறகு படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

நடைமுறைக் கஷ்டம் இல்லாமல் இல்லை. ஒரே டீச்சர், இருபதுக்கு மேல் பிள்ளைகள், ஈரத் தரை, இரண்டு செட் மாற்று உடை. தண்ணீர் வைத்த நாளில் வீட்டுக்குக் கிளம்பும்போது முதுகு ஒடிந்துவிடும். அதனால் ஒர்க் ஷீட் கொடுத்து உட்கார வைக்கும் சக டீச்சரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மட்டும் தண்ணீர், மற்றவர்களுக்கு கட்டையும் களிமண்ணும் என்று பிரித்தால் ஓரளவு சமாளிக்கலாம், அதுவும் உதவிக்கு ஒருவர் இருந்தால்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள் வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள்ளும் ஊதும், குடலை அடைக்கும். எங்கள் அலமாரியில் அதற்கு இடமில்லை. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க ஒரு உருளை உண்டு, விட்டம் சுமார் 3.2 சென்டிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் குழந்தையின் தொண்டைக்கு ஆபத்து. அந்தக் கூழாங்கல்லும் நாலு வயதுக்காரர்கள் மேசைக்கு மட்டும்தான், அதுவும் நான் பக்கத்தில் இருக்கும்போது.

இந்த வருடமும் பெற்றோர் நாள் வந்தது. சுவரும் இருந்தது. காகிதம், கத்தரிக்கோல், பசை, வண்ணம் எல்லாம் மேசையில் வைத்துவிட்டு நான் தள்ளி உட்கார்ந்தேன். வந்தவற்றில் பாதி பட்டாம்பூச்சியே இல்லை. ஒன்றுக்கு ஒரே ஒரு இறக்கை. அதைச் செய்தவளின் அம்மா என்னிடம் வந்து தணிந்த குரலில், "மிஸ், நீங்க கொஞ்சம் சரி பண்ணிருக்கலாமே" என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் மகள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அது உக்காந்திருக்கும்மா. உக்காந்தா ரெக்கையை மூடிக்கும். இன்னொன்னு பின்னாடி இருக்கு."