பதினொன்று பெருக்கல் பத்து

வியாழக்கிழமை ராத்திரி ரோட்டு வேலைக்காக நம் ஊரில் பதினொரு மரத்தை வெட்டிச் சாய்த்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. வீடியோ எல்லார் போனிலும் இருக்கிறது. தயவுசெய்து இன்பாக்ஸில் இன்னொரு தரம் அனுப்பாதீர்கள், பதினாலு பேர் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வயிற்றெரிச்சலில் நாலு வரி எழுதினேன். அதற்குக் கீழே வந்ததையெல்லாம் படித்துவிட்டு இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்று ஞாயிறு, கடை லீவு. நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமை இல்லாதவர்கள் இப்போதே போய்விடலாம்.

வந்த கமெண்டுகளில் ரொம்ப மரியாதையானது இது: "அண்ணே, 11 மரத்துக்கு 110 கன்னு நட்டாச்சு. இதுக்கு மேல உங்களுக்கு என்னதான் வேணும்?" கூடவே ஒரு போட்டோ. பின்னால் ஃப்ளெக்ஸ், கழுத்தில் துண்டு, ஒரு கன்றின் மேல் ஏழு பேர் கை. அந்தக் கன்று அன்றைக்கே மூச்சு முட்டிச் செத்திருக்கும்.

தம்பி, எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். நட்டது 110, சரி. இருக்கிறது எத்தனை?

இதைக் கேட்டால் "நேத்துதானே நட்டோம், அதுக்குள்ள என்ன கேள்வி" என்பீர்கள். நியாயம். அப்படியானால் மூன்று வருஷத்துக்கு முன்னால் நட்டதைக் கேட்கிறேன். பைபாஸ் பக்கம் 23 மரம் போனது ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் இதே கணக்குதான், 230 கன்று. ஆறு மாதம் கழித்து நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டேன். முதல் கேள்விக்குப் பதில்: "230 எண்ணிக்கை மரக்கன்றுகள் நடப்பட்டுள்ளன." இரண்டாவது கேள்வி, அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன. பதில்: "அத்தகைய தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை." கன்றுகளும் பராமரிக்கப்படவில்லை என்பதை எவ்வளவு நாசூக்காகச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். நானே எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு போய் எண்ணினேன். பதினேழு. அதில் ஆறு, ரோட்டு நடுவில் வைத்திருந்த அரளி. புளிய மரத்துக்குப் பதில் அரளி! நிழலுக்கு யாரும் அதன் கீழே போய் நின்றுவிடாதீர்கள், லாரி அடித்துவிடும்.

விதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. 2021-ல் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் பசுமைக் குழு என்று அமைத்தார்கள். மாவட்டத்துக்குக் கலெக்டர்தான் தலைவர். பொது இடத்து மரத்தில் கை வைக்க வேண்டுமென்றால் அந்தக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும், ஒன்றுக்குப் பத்து நட வேண்டும். 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வந்தது, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது லட்சியம். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் ஊர் வரைக்கும் இறங்கி வரும்போது அதில் மிஞ்சுவது ஒரு பெருக்கல் வாய்ப்பாடு. பதினொன்று பெருக்கல் பத்து நூற்றிப்பத்து. ரெஜிஸ்டரில் எழுதி, போட்டோ ஒட்டி, முடிந்தது கதை. நட்ட அன்றைக்கு எண்ணுகிறார்கள். அப்புறம் யாருமே எண்ணுவதில்லை.

எந்த மாதத்தில் நடுகிறார்கள் என்று கவனித்தீர்களா? இப்போது. ஜனவரி 28-ஓடு மேட்டூரை மூடிவிடுவார்கள். வாய்க்கால் பத்து நாளில் காயும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, அப்புறம் ஜூன் 12-க்குத் தண்ணீர் திறந்தால் உண்டு, அதுவும் கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் எட்டு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், கன்று வைக்கிறதென்றால் ஐப்பசி மழைக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று. கணக்கு முடிக்கிற மாதத்தில் கன்று வைத்தால் அது கணக்குக்குத்தான் உதவும்.

"வளர்க்கத் தெரியாம பேசாதீங்க" என்று ஒருத்தர். சரி, வளர்த்த கதையையும் சொல்கிறேன். 2018 நவம்பர் 16, கஜா. எங்கள் கொல்லையில் பதினெட்டுத் தென்னை இருந்தது, விடிந்தபோது மூன்று. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 22 நாள் ஆனது. அதற்கு அடுத்த வருஷம் அவரும் நானும் சேர்ந்து கொல்லைக்கு வெளியே, வாய்க்கால் ஓரமாக, ஐந்து இலுப்பைக் கன்று வைத்தோம். இலுப்பை ஏன் என்று கேட்டதற்கு "புயலுக்கு நிக்கும்டா, எனக்கு இல்ல, ஒனக்கும் இல்ல, ஒன் பேரனுக்கு" என்றார். தினம் இரண்டு குடம் தண்ணீர். முள் வேலி. ஒன்றை ஆடு தின்றது. ஒன்றை வாய்க்கால் தூர் வார வந்த பொக்லைன் மண்ணோடு அள்ளிப்போனது. இரண்டு தானாகப் பட்டுப்போயின, காரணம் இன்று வரை தெரியாது. கண்ணும் கருத்துமாகப் பார்த்தே ஐந்துக்கு ஒன்று. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அந்த ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷத்துக்கு அதன் நிழலில் ஒரு நாய் படுக்கலாம், மனுஷன் படுக்க முடியாது.

இப்போது சொல்லுங்கள், வியாழக்கிழமை போனதில் இரண்டு இலுப்பை உண்டு. இரண்டு பேர் கை கோத்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும். அதற்குப் பதில் இருபது கன்று என்கிறீர்கள். இருக்கிறது எத்தனை?

"மரத்துக்காக ரோடு போடாம இருக்க முடியுமா? ஆம்புலன்ஸ்ல போறவன் உயிர் பெருசா, உங்க புளிய மரம் பெருசா?" இதற்கு நாற்பத்தி இரண்டு லைக். லைக் போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு, பார்த்தேன், சந்தோஷம். என் அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனது இதே ரோட்டில்தான். மரம் மறிக்கவில்லை. ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். பதினேழு நிமிஷம். நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

ரோடு வேண்டாம் என்று நான் எங்கேயாவது எழுதியிருக்கிறேனா? விக்கிரவாண்டி-தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் நானும்தான் போகிறேன், வசதியாகத்தான் இருக்கிறது. என் கேள்வி வேறு. பதினொரு மரம் போனது. பன்னிரண்டாவது ஏன் போகவில்லை? வளைவில் இருக்கிற அரசமரம். அதன் அடியில் பிள்ளையார் இருக்கிறார். ரோடு அந்த இடத்தில் அழகாக ஒதுங்கிப் போகிறது, போய்ப் பாருங்கள். ஆக, ஒதுங்க முடியும்! இன்ஜினியரிங்கில் இடமிருக்கிறது. கும்பிட ஆள் இருந்தால் ரோடு வளையும், இல்லையென்றால் மரம் சாயும். நம் ஊரில் உண்மையாகவே நடைமுறையில் இருக்கிற ஒரே மரப் பாதுகாப்புச் சட்டம் ஒரு முழம் மஞ்சள் துணியும் அரை ரூபாய்க் குங்குமமும்தான். எனக்கு முன்னாலேயே தோன்றியிருந்தால் பதினொன்றுக்கும் கட்டிவிட்டு வந்திருப்பேன்.

பக்திக்கு எதிரி என்று கிளம்பிவிடாதீர்கள். நானும் பஞ்சாரண்யம் என்கிற ஐந்து சிவன் கோயிலுக்கும் போனவன்தான். திருக்கருகாவூர், அவளிவணல்லூர், அரித்துவாரமங்கலம், ஆலங்குடி, திருக்கொள்ளம்புதூர், ஒரே நாளில் ஐந்தும். முல்லைவனம், பாதிரிவனம், வன்னிவனம், பூளைவனம், வில்வவனம். பெயரெல்லாம் வனம். மருதமரத்தால் பெயர் பெற்ற திருவிடைமருதூர், பனையால் பெயர் பெற்ற திருப்பனந்தாள். ஊருக்கு மரத்தின் பெயரை வைத்துவிட்டு, மரத்துக்குக் கம்பி வேலி போட்டுப் பிராகாரத்துக்குள் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டோம். மிச்சம் விறகு.

விறகு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மரங்களுக்கு மதிப்புப் போடுவதும் ஏலம் விடுவதும் கட்டையின் கணக்கில். உச்ச நீதிமன்றம் 2020-ல் அமைத்த நிபுணர் குழு ஒன்று, மேற்கு வங்கத்தில் மேம்பாலங்களுக்காக வெட்ட இருந்த 356 மரங்கள் விஷயத்தில், ஒரு மரத்தின் மதிப்பு வருஷத்துக்கு 74,500 ரூபாய், அதை மரத்தின் வயசால் பெருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அது தீர்ப்பு இல்லை, அறிக்கைதான், தெரியும், வக்கீல் நண்பர்கள் உடனே வர வேண்டாம். சும்மா ஆசைக்குப் பெருக்கிப் பார்த்தேன். எழுபது வயசு என்றால் ஒரு மரம் 52,15,000 ரூபாய். நம் பெருக்கல் ஏன் எப்போதும் பத்தோடு நின்றுவிடுகிறது?

மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரங்களுக்கு 1975-லேயே சட்டம். 2021-ல் திருத்தி, 50 வயசுக்கு மேற்பட்டதைப் பாரம்பரிய மரம் என்றார்கள், வெட்டினால் அதன் வயசு எத்தனையோ அத்தனை கன்று, ஏழு வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்நாடகத்தில் 1976 சட்டம். பெங்களூரில் 50 மரத்துக்கு மேல் வெட்ட வேண்டுமென்றால் பொதுமக்களிடம் ஆட்சேபம் கேட்க வேண்டும். அங்கே மட்டும் எல்லாம் வாழ்கிறதா என்றால் இல்லை, அங்கேயும் வெட்டுகிறார்கள். ஆனால் கேட்டுவிட்டு வெட்டுகிறார்கள். நம் மாநிலத்தில் மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டோம். நாம்தான் சமவெளியில் பிறந்து தொலைத்தோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் மெஷின் சத்தம் கேட்டுத்தான் நமக்குத் தகவல் தெரிய வேண்டியிருக்கிறது.

"அப்போ என் கொல்லையில இருக்கற தேக்கை வெட்டக்கூட உங்ககிட்ட கேக்கணுமா?" வேண்டாம் ஐயா. வெட்டுவதற்காகவே வைத்த மரம், வெட்டிக்கொள்ளுங்கள். நான் பேசுவது பொது இடத்து மரம்.

"கஜாவுல அந்த வரிசையில ரெண்டு விழுந்துச்சே, டீக்கடை கூரை போச்சே?" விழுந்தது. மறுக்கவில்லை. அதே ராத்திரி பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை படுத்துக் கிடந்தது. தென்னையே வேண்டாம் என்றா முடிவு செய்தோம்?

கடைசியாக அந்த கமெண்ட். அதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் நான் மனுஷன் இல்லை. கடைத்தெரு நண்பர் ஒருத்தர், பெயர் வேண்டாம், எழுதினார்: "தூங்குமூஞ்சி மரத்தை வெட்டச் சொல்லி மனு டைப் அடிச்சதே நீதானய்யா."

ஆமாம். நான்தான்.

தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன் நான். பட்டா மாறுதல், வாரிசு சான்று, விவாகரத்து நோட்டீஸ், எது கேட்டாலும் அடித்துத் தருவேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். சாயங்காலமானால் கொக்கும் நாரையும் வந்து அடைகிறது, எச்சம் தாங்கவில்லை, வண்டி நிறுத்த முடியவில்லை, மரத்தை எடுக்க வேண்டும் என்றார்கள். "கிளையை மட்டும் கழிக்கச் சொல்லி அடிக்கட்டுமாண்ணே" என்று கேட்டேன். கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன். "நீ மனுவை அடிப்பா" என்றார்கள். "பொதுமக்களின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையில் உள்ள மரத்தை அகற்றித் தருமாறு" என்று அடித்தேன். அந்த வாக்கியம் அவர்கள் சொன்னதில்லை, என்னுடையது. அப்படி எழுதினால்தான் மனு நகரும் என்று எனக்குத் தெரியும். நாற்பது ரூபாய் வாங்கினேன். அந்த மரத்தின் நிழலில்தான் என் கடை வாசல் இருபத்தி ஒரு வருஷம் இருந்தது.

அந்த ஒரு மனுவால் பதினொன்றும் போனது என்று நான் நம்பவில்லை. மனு போட்டது ஒன்றுக்கு. மிச்சம் பத்தும் ரோட்டுக் கணக்கு. ஆனாலும் இந்த மூன்று நாளாகக் கடையில் உட்கார முடியவில்லை. வெயில் நேரே பிரிண்டர் மேல் விழுகிறது. நேற்று சாயங்காலம் கொக்குகள் வழக்கம்போல வந்தன. சுற்றின. தாலுகா ஆபீஸ் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தன. என்னைப் பச்சோந்தி என்று எழுதிய அந்தக் கடைத்தெரு நண்பர் அந்த நேரம் கடையில் இருந்திருப்பார். பார்த்தீர்களா அண்ணே?

நேற்று மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். வெட்டின பதினொன்றில் எட்டு புளிய மரம், அவற்றின் இந்த வருஷ மகசூலை ஏலம் எடுத்தவர். பிஞ்சாக இருந்தபோது பணம் கட்டியவர். வெட்டிப்போட்ட கிளையில் காயெல்லாம் செங்காய்ப் பதத்தில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பிள்ளைகள் பறித்துக்கொண்டிருந்தன, வீடியோவிலேயே தெரியும். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தால் உலுக்கியிருப்பார். கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்டு மனு வேண்டும் என்றார். அவர் ஏற்கெனவே மூன்று ஆபீஸ் ஏறி இறங்கியிருக்கிறார். ஒருத்தர் ரோடு எங்களுடையது, மரம் எங்களுடையது இல்லை என்றாராம். இன்னொருத்தர் மரம் எங்களுடையதுதான், வெட்டச் சொன்னது நாங்கள் இல்லை என்றாராம். மூன்றாவது இடத்தில் சாப்பாட்டு நேரம்.

அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. "பெறுநர்னு யாரை போடுறது தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தேன்.