பாவம் காய்ச்சல் மாதிரித் தொற்றிக்கொள்வதில்லை

போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாரும் போன பிறகும் ஒரு பெண் மட்டும் கிளம்பாமல் நின்றாள். கையில் நாலாக மடித்த ஒரு தாள். மடிப்புகள் கிழிகிற அளவுக்குத் திறந்து திறந்து பார்த்திருக்கிறாள். "சார், நற்கருணை வாங்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி இருமல் மருந்து குடிச்சிட்டேன். அது சாவான பாவமா?" சாவான பாவம் என்றால் கடவுளின் அருளையே இழக்கவைக்கும் கனமான பாவம். அந்தப் பயத்தில் மூன்று வாரமாக, திருப்பலியில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்கவே இல்லையாம். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருக்கும் நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிக்காது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 919 இதைத் தெளிவாகவே சொல்கிறது. அதைச் சொன்னேன். முகம் தெளியவில்லை. "அந்த மருந்து இனிப்பா இருந்துச்சு சார். பிடிச்சுப் போய்க் குடிச்சேனோன்னு தோணுது" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

இருபது வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஜெபமாலை சொல்லும்போது மனம் எங்கோ போய்விட்டால் அந்த 'அருள் நிறை மரியே' ஜெபம் செல்லாது என்று திரும்பச் சொல்வேன். ஒரே மணியில் பத்து, பதினைந்து தடவை நின்றிருக்கிறேன். சனிக்கிழமை குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாசலைத் தாண்டும் முன்பே, எதையோ சரியாகச் சொல்லவில்லை என்று திரும்பி வரிசையில் நிற்பேன். அப்போது நான் போய்வந்த ஒரு தியானக் கூட்டத்தில் ஆபத்துகளின் பட்டியல் ஒன்று வாசித்தார்கள். இந்தப் பொருளைத் தொட்டால் அலகைக்கு (சாத்தானுக்கு) வாசல் திறக்கும், அந்தப் பாட்டைக் கேட்டால் அலகை நுழையும் என்று. வீட்டுக்கு வந்து, என் கை எதையெல்லாம் தொட்டிருக்கும் என்று யோசித்தே இரவுகளைக் கழித்தேன்.

சாவான பாவத்துக்கு மூன்று வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1857ஆம் எண்ணில் சொல்கிறது: கனமான காரியம், முழு அறிவு, மனமறிந்த முழுச் சம்மதம். மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். நானே அறியாமல், நான் ஒப்புக்கொள்ளாமல், தூசி மாதிரி என் மேல் வந்து படியும் சாவான பாவம் என்று ஒன்று கிடையவே கிடையாது. வெளியிலிருந்து உள்ளே போவது மனிதரைத் தீட்டுப்படுத்தாது, உள்ளிருந்து வருவதுதான் தீட்டுப்படுத்தும் என்று மாற்கு ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்கிறார்.

உடனே, "அப்போ ஜோசியம் பார்க்கலாமா, ஆவியோடு பேசலாமா" என்று சிலர் கேட்பார்கள். கூடாது. வருங்காலத்தைக் கறக்கவும் மறைவான சக்திகளைக் கைக்குள் போடவும் முயல்வதைத் திருச்சபை கடுமையாக விலக்குகிறது. கடவுளுக்குரிய நம்பிக்கையை வேறிடத்தில் அடகு வைப்பதுதான் அங்கே தப்பு. அலகை உண்டு என்று நானும் விசுவசிக்கிறேன். ஆனால் திருச்சபை இந்த விஷயத்தில் எவ்வளவு நிதானமாக நடக்கிறது என்று பாருங்கள். ஆயரின் தனி அனுமதி இல்லாமல் யாரும் பேயோட்டும் சடங்கைச் செய்யக் கூடாது, சட்டம் 1172. அதற்கு முன் இது நோயா என்று பார்த்தாக வேண்டும். திருச்சபையே இத்தனை யோசிக்கும்போது, நாம் தலைவலிக்கும் தேர்வுத் தோல்விக்கும் பேயைக் கூப்பிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெனடிக்ட் பதக்கம், கழுத்தில் அணியும் துணித்துண்டான உத்தரியம், தீர்த்தம் எல்லாம் எனக்கும் பிரியமானவை, என் கழுத்திலும் உத்தரியம் இருக்கிறது. ஆனால் உள்மனம் எப்படி இருந்தாலும் வெளிச்செயல் மட்டுமே வேலை செய்துவிடும் என்று நினைப்பதைத்தான் மறைக்கல்வி நூல் 2111ஆம் எண்ணில் மூடநம்பிக்கை என்கிறது. ஒன்பது நாள் நவநாளில் ஒரு நாள் விட்டுப்போனதற்காக நடுங்குகிறவர் யாரிடம் ஜெபிக்கிறார்? தகப்பனிடமா, கணக்குப்பிள்ளையிடமா? நான் ஒரே மணியில் நின்றதும் இதுதான். பக்தி என்று நினைத்துக்கொண்டு, சொல் பிசகாமல் மந்திரம் ஓதிக்கொண்டிருந்தேன்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாருக்கே இந்த ஓயாத பாவ பயம் வந்தது. 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில், ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, அறையில் இருந்த குழியில் குதித்துவிடலாமா என்று தோன்றும் அளவுக்குப் போனார். ஒரு வாரம் உண்ணாமல் கிடந்தவரைப் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருதான் சாப்பிடச் சொன்னார். பின்னாளில் இந்தக் கலக்கத்தைப் பற்றி அவர் குறிப்புகளே எழுதினார். தற்செயலாகக் குறுக்கே கிடந்த இரண்டு வைக்கோல்களை மிதித்துவிட்டு, சிலுவையை மிதித்துப் பாவம் செய்தேன் என்று ஒருவர் முடிவுகட்டினால் அது தப்பான தீர்ப்பு என்கிறார். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய வைக்கோல்தான் இன்றைக்கு இருமல் மருந்தாக வந்திருக்கிறது!

என்னை மீட்டவரும் ஒரு வயதான குருதான். "பழைய பாவம் எதையும் இனிமேல் திரும்பச் சொல்லக் கூடாது. ஜெபத்தை ஒரு தடவைக்கு மேல் சொல்லக் கூடாது. தப்பாகிவிட்டால் பொறுப்பு என்னுடையது" என்றார். முதல் வாரம் நரகமாக இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல மூச்சு வந்தது. கூடவே மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். அது விசுவாசக் குறைவு ஆகாது என்று அவர் வாயால் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்தப் பெண்ணிடமும் அதையேதான் சொன்னேன். ஒரே குருவிடம் போ, அவர் சொல்வதைக் கேள், வீட்டில் சொல்லி மருத்துவரிடமும் போ. தாளைக் கொடுத்துவிட்டுப் போகிறாயா என்றேன். கொஞ்சம் யோசித்து, பையிலேயே வைத்துக்கொண்டாள். சரி, அவசரமில்லை.

தியானம் கொடுக்கிற சகோதரர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். ஆபத்துகளின் பட்டியலை வாசிக்கிற அன்று, அந்த மூன்று நிபந்தனைகளையும் அதே குரலில், அதே சத்தத்தில் வாசித்துவிடுங்கள். பின்வரிசையில் அவள் தாளோடு உட்கார்ந்திருக்கிறாள்.