அது ஓவர் ஆக்டிங் இல்லை, தம்பி

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா விழாவில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. தொகுப்பாளர் தம்பி சிவாஜி கணேசன் மாதிரி கன்னம் ஆட, உதடு துடிக்க நடந்து காட்டி, "இதுதான் ஓவர் ஆக்டிங்" என்றார். அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் என் வயதுக்காரர்களும் சிரித்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அது ஓவர் ஆக்டிங் இல்லை தம்பி, நாடக மேடை நடிப்பு. சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடம் கட்டி வளர்ந்தவர் கணேசன். கடைசி வரிசைக்காரனுக்கும் முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும். அண்ணாவின் நாடகத்தில் அவர் மராட்டிய மன்னனாக நின்றதைப் பார்த்துத்தான் பெரியார் 'சிவாஜி' என்றார். திரும்பிய பக்கமெல்லாம் அந்தப் பெயர் கேட்கிற மும்பையில் இருந்துகொண்டு, நமக்கே இது தெரியாதா?

"அப்போ விமர்சனமே கூடாதா?" என்று வருவீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். பிற்காலத்துச் சில படங்களில் அளவு மீறியது, எனக்கும் தெரியும். அதற்காக? 'தில்லானா மோகனாம்பாள்' பாருங்கள். நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் அந்த மூச்சும் விரலும் கன்னமும் இவருடையவை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? 1985இல் 'முதல் மரியாதை'யில் எவ்வளவு அடங்கி நடித்தார்! 1960இல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் என்று கொண்டாடினார்கள். தமிழ் தெரியாதவனுக்குப் புரிந்தது, நமக்குச் சிரிப்பு வருகிறது.

என் அப்பா பரேலில் ஒரு மில்லில் தறி ஓட்டியவர். அந்தச் சத்தத்திலேயே காது பாதி போய்விட்டது. வீட்டில் நாங்கள் பேசுவதே அவருக்குச் சரியாகக் கேட்காது. கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டருக்கு என்னைக் கூட்டிப் போவார். மற்ற படமென்றால் "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று என் தொடையைத் தட்டிக்கொண்டே இருப்பார். சிவாஜி படமென்றால் தட்ட மாட்டார். கை மடியிலேயே கிடக்கும். கட்டபொம்மன் வசனத்துக்கு அவர் உதடு மட்டும் கூடவே அசையும்.

"காலம் மாறிவிட்டது சார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, மாறட்டும். இன்றைக்கும் அவர் மாதிரி நடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேலி செய்யாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்பா இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அந்தச் சிரிப்பு அவர் காதில் விழுந்திருக்காது. மேடையில் தம்பி காட்டிய முகம் மட்டும் தெரிந்திருக்கும். "யாரைக் காட்டுறான்?" என்று என் தொடையைத் தட்டியிருப்பார். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?